மதிப்பெண்ணும் திறனும் தொழில் தேர்வும்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பை முடிக்கும் மாணவர், பொதுத்தேர்வு முடிவு வெளியான சில நாட்களுக்குள், பதினைந்து பதினாறு வயதிலேயே, தம் எதிர்காலத் தொழிலின் எல்லையைப் பெரும்பாலும் வரையறுத்துவிடும் முடிவொன்றை எடுக்க வேண்டியவராகிறார். மேல்நிலை வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்பதே அம்முடிவு. வழக்கில் ‘ஃபர்ஸ்ட் குரூப்’ என்று சொல்லப்படும், கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் அடங்கிய பிரிவில் சேர்ந்தவருக்குப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கலை அறிவியல், சட்டம் என ஏறத்தாழ எல்லாப் படிப்புகளுக்கும் வழி இருக்கிறது. வணிகவியல் பிரிவில் சேர்ந்தவருக்குப் பொறியியலும் மருத்துவமும் அன்றே இல்லாமற் போகின்றன. பிரிவைத் தேர்ந்தெடுப்பது மாணவரின் உரிமை என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், நடைமுறையில் அவரை ஒரு பிரிவுக்குள் அனுப்புவது ஐந்நூற்றுக்கு அவர் பெற்ற மொத்த மதிப்பெண்தான். நானூற்றைம்பதுக்கு மேல், நானூறுக்கு மேல், அதற்குக் கீழ் எனப் பள்ளிகள் தமக்கெனக் கோடுகளை வரைந்துகொள்ள, மதிப்பெண் மிகுந்தோர் அறிவியல் பிரிவுகளுக்கும், குறைந்தோர் வணிகவியலுக்கும், இன்னும் குறைந்தோர் தொழிற்கல்விப் பிரிவுக்கும் அனுப்பப்படுகின்றனர்.

இந்நடைமுறை இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது. மொத்த மதிப்பெண் என்பது மாணவரின் திறனை அளக்கிறது என்பது முதலாவது. திறன் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் அடுக்கத்தக்கது, தொழில்களும் அவ்வாறே அடுக்கத்தக்கவை, ஆகவே முதல் வரிசையை இரண்டாவதன் மேல் பொருத்திவிடலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கல்வி உளவியலின் சான்றுகளுக்கு முன் நிற்கவில்லை என்பதையும், இவற்றின் விளைவாக மாணவர்க்கு நேரும் இழப்பு சரிசெய்யத்தக்கதே என்பதையும் எடுத்துக்காட்டுவது இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. கற்பிக்கப்பட்ட ஒன்றை மாணவர் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பதைக் கல்வியியலார் ‘அடைவு’ என்பர். பொதுத்தேர்வு அளப்பது இதையே. ஒரு துறையில் பயிற்சி அளிக்கப்பட்டால் அதை எவ்வளவு விரைவாகவும் ஆழமாகவும் ஒருவர் கைக்கொள்வார் என்னும் உள்ளார்ந்த வாய்ப்பு ‘உளச்சார்பு’ எனப்படும். ஒரு செயலில் தொடர்ந்து ஈடுபட விழையும் மனநிலை ‘ஆர்வம்’. இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை எனினும் ஒன்றல்ல. நல்ல ஆசிரியரும் படிப்பதற்கு அமைதியான இடமும் வாய்த்த மாணவரின் அடைவு, அவருடைய உளச்சார்பைவிட உயர்ந்து தோன்றலாம். மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவரின் அடைவு அவருடைய உளச்சார்பைவிடத் தாழ்ந்து தோன்றலாம். அடைவை மட்டும் பார்த்து மற்ற இரண்டையும் ஊகிப்பவர், மாணவரை அளப்பதாக எண்ணிக்கொண்டு அவர் குடும்பத்தின் நிலையையும் பள்ளியின் நிலையையும் சேர்த்தே அளக்கிறார்.

பள்ளி மதிப்பெண் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அடுத்த கட்டப் படிப்பில் ஒருவர் எவ்வாறு செயல்படுவார் என்பதைப் பள்ளி மதிப்பெண் ஓரளவு முன்னறிவிக்கிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒருநாள் நுழைவுத்தேர்வைவிட ஆண்டுக்கணக்கான பள்ளிச் செயல்பாடு நம்பத்தகுந்த சான்று என்ற கருத்துக்கும் வலுவான ஆதரவு உண்டு. தமிழ்நாடு 1984 முதல் தொழிற்படிப்புகளுக்கு நடத்திவந்த நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நீக்கியதன் பின்னணியிலும் இவ்வெண்ணம் இருந்தது. சிக்கல் மதிப்பெண்ணில் இல்லை. ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை ஒரு மனிதரின் தகுதியாகக் கொள்வதில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, இரண்டு மாணவர்களைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதலாமவர் தமிழில் 70, ஆங்கிலத்தில் 62, கணிதத்தில் 98, அறிவியலில் 92, சமூக அறிவியலில் 78 பெற்றிருக்கிறார். இரண்டாமவர் தமிழில் 95, ஆங்கிலத்தில் 88, கணிதத்தில் 58, அறிவியலில் 69, சமூக அறிவியலில் 90 பெற்றிருக்கிறார். இருவருக்கும் கூட்டுத்தொகை 400. கோடு 410இல் வரையப்பட்டிருந்தால் கணிதத்தில் முழுமையை நெருங்கிய முதலாமவர் கணிதப் பிரிவுக்கு வெளியே நிறுத்தப்படுவார். 390இல் வரையப்பட்டிருந்தால், வரலாற்றிலும் மொழியிலும் சிறந்து விளங்கக்கூடிய இரண்டாமவர், குடும்பத்தின் மகிழ்ச்சிக்கிடையே, தமக்கு மிகக் கடினமான கணிதத்தை ஈராண்டு சுமக்க நேரும். பாடவாரியான மதிப்பெண் கையில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்தாமல் கூட்டுத்தொகையைப் பயன்படுத்துவது, இருக்கும் செய்தியை வேண்டுமென்றே அழிப்பதாகும்.

திறன் ஒன்றா, பலவா என்ற வினா உளவியலில் நூறாண்டைக் கடந்தது. எல்லா அறிவுச் செயல்களுக்கும் அடியில் ஒரு பொதுக்காரணி உண்டு என்று இங்கிலாந்தின் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் வாதிட்டார். அமெரிக்காவின் லூயி தர்ஸ்டன் 1938இல் சொற்பொருள் உணர்தல், சொல்வளம், எண் திறன், இடஞ்சார் திறன், நினைவு, புலனறி வேகம், காரண ஆய்வு என ஏழு முதன்மைத் திறன்களைப் பிரித்துக் காட்டினார். பொதுக்காரணியும் உண்டு, தனித் திறன்களும் உண்டு என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் நிலை. தொழில் தேர்வுக்கு இவற்றுள் தனித் திறன்களின் வேறுபாடே பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. ஏனெனில் ஒருவரை வழக்குரைஞராகவும் மற்றொருவரைக் கட்டடக்கலைஞராகவும் ஆக்குவது அவர்களுடைய பொதுத்திறனின் ஏற்றத்தாழ்வன்று, திறன்கள் அவர்களிடம் அமைந்துள்ள விதமே.

இவற்றுள் இடஞ்சார் திறன் தனிக் கவனத்துக்குரியது. ஒரு பொருளை மனக்கண்ணில் திருப்பிப் பார்ப்பதும், தட்டையான வரைபடத்திலிருந்து முப்பரிமாண உருவைக் காண்பதும், பகுதிகள் எவ்வாறு பொருந்தி இயங்கும் என்று முன்கூட்டியே அறிவதும் இத்திறனில் அடங்கும். அமெரிக்காவில் 1960இல் ஏறத்தாழ நான்கு இலட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பல்வேறு திறன்களை அளந்து, பிற்காலத்தில் அவர்கள் அடைந்த படிப்பையும் தொழிலையும் தொடர்ந்து பதிவுசெய்த ‘பிராஜெக்ட் டேலண்ட்’ என்னும் பெருந்திட்டத்தின் தரவுகளை ஆராய்ந்த வாய், லுபின்ஸ்கி, பென்போ ஆகியோர் 2009இல் வெளியிட்ட கட்டுரை, அறிவியல், பொறியியல் துறைகளில் பின்னர் நிலைபெற்றவர்கள் பள்ளி வயதிலேயே இடஞ்சார் திறனில் மேம்பட்டிருந்தனர் என்பதைக் காட்டியது. கணிதத் திறனையும் மொழித் திறனையும் கணக்கில் கொண்ட பின்னரும் இடஞ்சார் திறன் தனியாக முன்னறிவித்தது என்பதே அதன் முக்கியத்துவம்.

நம் பத்தாம் வகுப்புத் தேர்வில் இத்திறனை நேரடியாகச் சோதிக்கும் வினா ஏறத்தாழ இல்லை. வடிவியல் வினாவும்கூடப் பயின்ற படிகளைத் திரும்ப எழுதுவதாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளிலும், திருப்பூரின் துணிவெட்டும் மேசைகளிலும், தச்சுக்கூடங்களிலும், சிற்பக்கூடங்களிலும் நாள்தோறும் உயர்ந்த நிலையில் செயற்படுவது இந்தத் திறனே. அதைப் பெற்றிருந்தும் எழுத்துத் தேர்வில் பின்தங்கிய மாணவர், படிப்பு வராதவர் என்று முத்திரையிடப்பட்டுத் தொழிற்கல்விப் பிரிவுக்கு அனுப்பப்படும்போது, அவர் தமக்குரிய இடத்துக்கே சென்றிருந்தாலும் தண்டனை பெற்றவராகவே அங்கே நுழைகிறார். அவருக்குள் ஒரு பொறியாளர் இருந்திருக்கக்கூடும் என்பதைப் பள்ளி அறிய முற்படவே இல்லை. இவ்விழப்பைப் பற்றி நம் கல்வி விவாதங்களில் போதிய அளவு பேசப்படாதது வருத்தத்துக்குரியது.

தொழில் தேர்வைப் பற்றிய முறையான சிந்தனை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையத்தோடு தோன்றியது எனலாம். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் அறிவார்ந்து இணைத்தல் என்ற மூன்று படிகளை அவர் வகுத்தார். அவருடைய நூல் அவர் மறைந்த பின்னர் 1909இல் வெளிவந்தது. இப்பொருத்தக் கொள்கையின் குறையை டொனால்டு சூப்பர் 1953 முதல் எடுத்துக்காட்டினார். தொழில் தேர்வு ஒருநாள் நிகழ்வன்று, வாழ்நாள் முழுதும் வளரும் செயல். பதினான்கு முதல் இருபத்துநான்கு வரையிலான பருவம் தேடிப் பார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் உரியது என்பது அவர் முடிவு. அக்கணக்கின்படி பார்த்தால், நம் மாணவர்களிடம் தேடல் தொடங்கும் பருவத்திலேயே இறுதி விடை கோரப்படுகிறது.

ஆயினும், மதிப்பெண்ணுக்கும் தொழில் தேர்வுக்கும் இடையே உண்மையில் நிகழ்வதை மிகத் தெளிவாக விளக்குவது, ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த ‘தன்திறன் நம்பிக்கை’ என்னும் கருத்தே. ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் வெற்றிகரமாகச் செய்ய முடியும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கை இப்பெயரால் சுட்டப்படுகிறது. இதைத் தொழில் தேர்வுக்குப் பொருத்திப் பார்த்த ஹேக்கெட்டும் பெட்ஸும் 1981இல், பெண்கள் பல தொழில்களைத் தவிர்ப்பதற்குத் திறன் குறைவு காரணமன்று, அத்தொழில்கள் தமக்கு இயலும் என்ற நம்பிக்கை அவர்களிடம் வளர்க்கப்படாமையே காரணம் என வாதிட்டனர். லென்ட், பிரவுன், ஹேக்கெட் ஆகிய மூவரும் 1994இல் இதை முழுமையான கோட்பாடாக விரித்தனர். திறன் நேரடியாகத் தொழில் தேர்வாக மாறுவதில்லை. திறனைப் பற்றிய நம்பிக்கையும், எதிர்பார்க்கும் பயனும், சூழலில் உள்ள தடைகளும் இடையில் நிற்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தில் 40 மதிப்பெண் பெற்ற மாணவியிடம் ‘உனக்குக் கணக்கு வராது’ என்று ஆசிரியரோ பெற்றோரோ சொல்லிவிட்டால், அந்த 40 ஒரு தேர்வின் முடிவாக நில்லாமல் அவளுடைய தன்னறிவாக மாறுகிறது. பின்னர் அவள் முயல்வதில்லை, முயலாமையால் மதிப்பெண் மேலும் குறைகிறது, குறைந்த மதிப்பெண் முதலில் சொல்லப்பட்டதை மெய்ப்பிப்பதாகத் தோன்றுகிறது.

மாணவர் தம்மைப் பிறரோடு மட்டுமன்றித் தம் பாடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே மதிப்பிடுகிறார் என்பதை ஹெர்பர்ட் மார்ஷ் 1986இல் விளக்கினார். மொழிப்பாடத்தில் மிகச் சிறந்தவர், வகுப்பின் சராசரியைவிடக் கணிதத்தில் மேம்பட்டிருந்தாலும், தம்மைக் கணிதத்தில் வலுவற்றவராகவே கருதக்கூடும். மிக உயர்ந்தோரை மட்டும் தொகுத்து உருவாக்கிய வகுப்பில் சேர்ந்த நல்ல மாணவர், தம்மினும் மிக்கோர் நடுவில் தன்மதிப்பை இழப்பதையும் அவர் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மதிப்பெண் வரிசைப்படி ‘ஏ செக்‌ஷன்’, ‘பி செக்‌ஷன்’ என்று பிரித்து வைக்கும் பள்ளிகள், பின்வரிசையில் வைக்கப்பட்டோருக்கு மட்டுமன்றி முன்வரிசையின் கடைசியில் உள்ளோருக்கும் தீங்கு செய்யும் வாய்ப்பு இருப்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

திறன் மிகுந்தோர் அறிவியலுக்கே செல்வர் என்ற எண்ணத்தையும் சான்றுகள் ஏற்பதில்லை. மிங்-டே வாங், ஜாக்குலின் எக்கிள்ஸ், சாரா கென்னி ஆகியோர் கல்லூரிக்குச் செல்லவிருந்த 1,490 அமெரிக்க மாணவர்களைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் ஒருசேர உயர்ந்த திறன் உடையோர், கணிதத்தில் உயர்ந்தும் மொழியில் நடுத்தரமாகவும் இருந்தோரைவிட அறிவியல், தொழில்நுட்பத் தொழில்களை நாடுவது குறைவாக இருந்தது. இருதிறனும் உடையோரில் பெண்கள் மிகுதி. பெண்கள் அறிவியலை விட்டு விலகுவது திறன் குறைவாலன்று, தேர்ந்தெடுக்க அவர்களுக்குப் பல வழிகள் இருப்பதாலும் ஆகலாம் என்பது அவ்வாய்வின் பொருள். நம் ஊர்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். இருதிறனும் உடைய மாணவி வரலாற்றையோ மொழியியலையோ விரும்பினால், ‘இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ஆர்ட்ஸ் குரூப்பா’ என்று தடுக்கப்படுகிறாள். உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கும் தேர்வுரிமை மறுக்கப்படுகிறது. அம்மறுப்பு பாராட்டின் வடிவில் வருவதால் எவரும் அதைக் குறையாகக் காண்பதில்லை.

இவ்வினாக்களைப் பற்றி இந்திய அளவில் சிந்தித்த மூன்று முதன்மையான குழுக்களுக்குத் தலைமை ஏற்றவர்கள் தமிழ்நாட்டுத் துணைவேந்தர்கள் என்பது இந்நாளில் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953இல் அளித்த அறிக்கையில், எல்லா மாணவரையும் பல்கலைக்கழகத்தை நோக்கியே தள்ளும் ஒற்றைப் பாதையைக் கண்டித்து, மானுடக் கலைகள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை ஒரே வளாகத்தில் வைத்துக் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் வேண்டும் என்றும் கூறியது. ஒரே வளாகம் என்பதில்தான் அவ்வறிக்கையின் நுட்பம் இருக்கிறது. வேளாண்மை பயில்பவரும் அறிவியல் பயில்பவரும் ஒரே பள்ளியின் மாணவராக இருந்தால் ஒன்று மற்றொன்றினும் தாழ்ந்ததாகாது என அக்குழு கருதியது.

சென்னை மாநிலத்தில் அதே 1953ஆம் ஆண்டு வேறொரு திட்டமும் நடைமுறைக்கு வந்தது. இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றத்தின்படி, குழந்தைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் மறு பகுதியைப் பெற்றோரின் தொழிலைக் கற்பதிலும் செலவிட வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் முதலமைச்சரான காமராசர் காலத்தில் அது கைவிடப்பட்டது. திறனையும் விருப்பத்தையும் அறியாமல் பிறப்பைக் கொண்டு தொழிலை ஒதுக்குவதைத் தமிழ்ச் சமூகம் அன்று மறுத்தது; அம்மறுப்பு முற்றிலும் சரியானது. ஆனால் அதன் விளைவாகத் தொழிற்கல்வி என்ற சொல்லே ஐயத்துக்குரியதாகிவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளையைத் தொழிற்கல்விப் பிரிவில் சேர்க்கச் சொல்லும்போது அவன் பெற்றோருக்கு எழும் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவோர் இவ்வரலாற்றை அறியாதவர்.

இந்தியக் கல்வி முறையை ஆராய்ந்த கோத்தாரி குழு 1966இல், முதல் பத்தாண்டுகளுக்கு எல்லார்க்கும் பொதுக்கல்வி, அதன் பின்னரே பிரிவு என்ற கொள்கையை வகுத்ததுடன், மேல்நிலையில் பாதி மாணவர்கள் தொழிற்கல்விக்குச் செல்ல வேண்டும் என்றும் எதிர்பார்த்தது. வேலூரில் பிறந்து யுனெஸ்கோவில் உயர் பொறுப்பு வகித்து, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான மால்கம் ஆதிசேசையா தலைமையிலான குழு 1978இல் மேல்நிலைக் கல்வியை மறுஆய்வு செய்து, பொதுக்கல்வி, தொழிற்கல்வி ஆகிய இரண்டுக்கும் இடையே சுவர் கூடாது, மாணவர் இரண்டிலிருந்தும் பாடங்களைக் கலந்து தேர இயல வேண்டும் என்று வலியுறுத்தியது. தமிழ்நாடு புகுமுக வகுப்பைக் கைவிட்டுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தொழிற்கல்விப் பிரிவும் உடன் தொடங்கியது, ஆனால் சுவரோடு தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி தலைமையிலான தேசியப் பணிக்குழு 1985இல் தொழிற்கல்வியை மீண்டும் ஆராய்ந்தது. அதையொட்டி வந்த 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 1990க்குள் 10 விழுக்காட்டினரும் 1995க்குள் 25 விழுக்காட்டினரும் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இந்திய ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையிலானோரிடம் 2023இல் நடத்தப்பட்ட ஏசர் என்னும் கல்விநிலைக் கணக்கெடுப்பில், ஏதேனும் ஒரு தொழிற்பயிற்சி பெற்றுவந்தோர் 5.6 விழுக்காட்டினர் மட்டுமே.

இலக்கு தவறியதற்குப் பணமும் ஆசிரியரும் கருவிகளும் போதாமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், மதிப்பெண் குறைந்தோருக்கான இடமாகவே தொழிற்கல்வி வடிவமைக்கப்பட்டதாகும். எந்தப் படிப்பும் மற்றவற்றில் இடம் கிடைக்காதோருக்கான எச்சமாக நடத்தப்படும்வரை அதற்கு மதிப்பு வரப்போவதில்லை.

பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் இங்கே கூற வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகவிருக்கும் பிள்ளைக்கு, ‘எந்தக் கதவும் மூடாத’ பிரிவையே பெற்றோர் நாடுவது பேராசையன்று. தவறான முடிவைத் திருத்திக்கொள்ளும் பொருள்வசதி இல்லாத குடும்பம் செய்துகொள்ளும் பாதுகாப்பு ஏற்பாடு அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வணிகவியலிலிருந்து வேறு துறைக்குப் பணம் கொடுத்து மாறலாம், வெளிநாடு செல்லலாம். அது இயலாத குடும்பத்துக்குப் பதினைந்து வயதில் எடுக்கும் முடிவே இறுதி முடிவு. ஆகவே பெற்றோரின் மனத்தை மாற்ற வேண்டும் என்று உபதேசிப்பதைவிட, முடிவைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெருக்குவதே அரசின் கடமை. பட்டயப்படிப்பை முடித்தோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடிவதும், ஐ.டி.ஐ. முடித்தோர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் சேர முடிவதும் இத்தகைய நல்வழிகள். இவற்றைப் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் பெற்றோருக்கும் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டால் பாலிடெக்னிக் என்பது தோற்றவர் செல்லுமிடம் என்ற எண்ணமே தளரும்.

வாய்ப்பு மாறினால் விருப்பமும் மாறும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. மருத்துவச் சேர்க்கை 2017 முதல் தமிழ்நாட்டில் நீட் தேர்வின் அடிப்படையில் நடைபெறத் தொடங்கியதும், அரசுப் பள்ளி மாணவர் அக்கல்லூரிகளில் நுழைவது மிக அரிதாயிற்று. அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020இல் வந்ததும் நிலை மாறியது; 2021இல் பொறியியலுக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளிகளில் பயின்றோரின் அறிவு அவ்வோராண்டில் உயர்ந்துவிடவில்லை. மருத்துவராகலாம் என்ற எண்ணம் அவர்களுக்குப் பொருளுடையதாக மாறியது, அவ்வளவே. தொழில் விருப்பம் மாணவரின் உள்ளத்திலிருந்து மட்டும் எழுவதன்று. எட்டக்கூடியது எது என்ற கணிப்பிலிருந்தும் எழுகிறது.

எட்டக்கூடியதை வரையறுப்பதில் பள்ளியின் இருப்பிடத்துக்கும் பங்குண்டு. சிற்றூர்ப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் உள்ள பாடங்களுக்கு மட்டுமே பிரிவு இயங்கும். வேறு பிரிவு வேண்டுமெனில் தொலைவிலுள்ள பள்ளிக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். மகளை அவ்வளவு தொலைவு அனுப்பத் தயங்கும் குடும்பத்தில் அவளுடைய தொழில் தேர்வு பேருந்து நேரத்தால் முடிவாகிறது. மேற்சொன்ன 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதினொன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் பயில்வோருள் அறிவியல், கணிதப் பிரிவுகளில் இருந்த ஆண்கள் 36.3 விழுக்காடு, பெண்கள் 28.1 விழுக்காடு. இந்த இடைவெளியைத் திறனால் விளக்க முடியாது.

பிரிப்பைத் தள்ளிப்போடுவதால் என்ன நன்மை என்ற வினாவுக்கு ஃபின்லாந்து விடையளித்திருக்கிறது. பதினோரு வயதில் மாணவரை இரு பாதைகளாகப் பிரித்துவந்த அந்நாடு 1972க்கும் 1977க்கும் இடையே பிரிப்பைப் பதினாறு வயதுக்குத் தள்ளியது. தந்தையின் வருமானம் மகனின் வருமானத்தைத் தீர்மானிக்கும் அளவு அதனால் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்ததென 2009இல் வெளியான ஆய்வு கணித்தது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர், எக்ஸ்பிரஸ், நார்மல் என்று மாணவரைப் பல பத்தாண்டுகள் தனித்தனித் தடங்களில் வைத்திருந்தது. உயர்நிலைப் பள்ளியில் 2024இல் சேர்ந்தோர் முதல் அத்தடங்களை நீக்கி, ஒரே மாணவர் கணிதத்தை உயர்ந்த நிலையிலும் ஆங்கிலத்தை வேறொரு நிலையிலும் பயிலலாம் என்று பாடவாரியான முறைக்கு அது மாறியுள்ளது. மாணவர் எல்லாப் பாடங்களிலும் ஒரே உயரத்தில் இருப்பவரல்லர் என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொண்ட அமைப்பு அது.

வழிகாட்டலைப் பொறுத்தவரை, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை, 41 நாடுகளின் பதினைந்து வயதினரில் ஆண்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் பத்தே பத்துத் தொழில்களுக்குள் தம் எதிர்காலத்தைக் காண்பதைத் தெரிவித்தது. மாணவருக்குத் தெரிந்த தொழில்களின் எண்ணிக்கையே குறைவு. தெரியாத ஒன்றை எவரும் விரும்ப இயலாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கான ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் இக்குறையை நோக்கி எடுக்கப்பட்ட மதிக்கத்தக்க முயற்சிகள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைக்கும் வழிகாட்டல், பதினொன்றில் பிரிவு முடிவான பின்னர் வருவது. அது எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பட்டறை, மருத்துவமனை, வயல், வங்கி, ஆய்வகம் ஆகியவற்றில் மாணவர் சில நாட்களேனும் இருந்து பார்க்க வேண்டும்.

வழிகாட்டல் இல்லாத இடத்தை வணிகம் நிரப்புகிறது என்பதையும் பெற்றோர்க்கு எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியுள்ளது. குழந்தையின் விரல்ரேகையைப் பதிவு செய்து அதன் நுண்ணறிவையும் பொருத்தமான தொழிலையும் கூறுவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் கட்டணம் பெறும் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. முறையாக வடிவமைக்கப்பட்ட உளச்சார்புச் சோதனையும்கூட, பயிற்சி பெற்றவரால் தமிழில் நடத்தப்பட்டு, மாணவரோடு உரையாடி விளக்கப்படும்போதுதான் பயன்தரும். அதன் எண்ணும் மற்றுமொரு கூட்டுத்தொகையாகிவிடக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றிலேயே நடத்திவிடும் தனியார் பள்ளிகளின் வழக்கத்தைத் தடுக்க 2017-18இல் கொண்டுவரப்பட்ட பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையால் கைவிடப்பட்டுள்ளது. இதனால் கிடைக்கும் ஓராண்டுத் தளர்வு மீண்டும் மதிப்பெண் பயிற்சிக்கே செலவாகுமானால் மாணவருக்கு எதுவும் மிஞ்சாது. பிரிவு பொருந்தவில்லை என்று உணரும் மாணவர் பதினொன்றாம் வகுப்பின் நடுவிலோ முடிவிலோ, இணைப்புப் பாடம் ஒன்றைப் படித்து வேறு பிரிவுக்கு மாறும் வாய்ப்பை இத்தளர்வைப் பயன்படுத்தி ஏற்படுத்தித் தரலாம்.

மேல்நிலைப் பிரிவுகளில் மாணவரைச் சேர்ப்பது பெரும்பாலும் பள்ளி அளவிலேயே முடிவாகிறது. ஆகவே கூட்டுத்தொகையை விட்டுவிட்டு அப்பிரிவுக்குரிய பாடத்தின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கும், ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரின் ஆர்வத்தையும் கைத்திறனையும் குறித்து ஒரு பக்கம் எழுதிவைத்து அதைச் சேர்க்கையின்போது முன்வைப்பதற்கும், மாணவரிடம் அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்பதற்கும் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. வரும் ஜூன் மாதச் சேர்க்கையிலேயே தலைமையாசிரியர்கள் இதைத் தொடங்க வேண்டும்.